கரிசல் வெளியில் பூனைப்பருந்துகள்

பறவை நோக்குதல் என்றதும் வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற நீர்நிலைகளே பலரது நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஐப்பசி முதல் பங்குனி வரை, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிக் கரிசல் நிலங்களும், அதாவது மழையை மட்டுமே நம்பி உளுந்தும் கம்பும் சோளமும் விளையும் காடுகளும், வலசைப் பறவைகளுக்கு இரையும் இருப்பிடமும் தருகின்றன. பருவந்தோறும் இடம்பெயர்ந்து மீண்டும் தாயகம் திரும்புவதே வலசை எனப்படும்.

இவற்றுள் தனித்துக் கவனிக்கத்தக்கவை பூனைப்பருந்துகள். கசகஸ்தான் முதலிய நாடுகளின் ஸ்டெப்பி எனப்படும் மரமற்ற புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் இவை, அங்கு குளிர் மிகுந்து இரை அருகும் காலத்தில் தெற்கே வருகின்றன. பிற பருந்துகள் உயரத்தில் வட்டமிட, இவை இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி விரித்து, பயிருக்குச் சில அடி மேலாக வரப்பை ஒட்டி மிதந்து சென்று, சட்டெனத் திரும்பித் தரையில் பாய்ந்து வெட்டுக்கிளியையோ ஓணானையோ எலியையோ கால்களால் பற்றுகின்றன. ஆந்தைக்கு இருப்பதுபோல் முகத்தைச் சுற்றி வட்டமாக அமைந்த இறகுகள் ஒலியைச் செவிக்குத் திருப்புவதால், புல்லுக்குள் மறைந்த இரையின் சிறு சலசலப்பும் இவற்றுக்குக் கேட்கிறது.

கரிசலில் காணப்படும் மாண்டேகு பூனைப்பருந்தின் ஆண் சாம்பல் நிறமும், இறக்கையின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையும் கொண்டது. வெளிறிய பூனைப்பருந்தின் ஆண் ஏறக்குறைய வெண்ணிறமாகி, இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு ஆப்பு போன்ற அடையாளம் பெற்றிருக்கும். பெண் பறவைகள் இரண்டும் பழுப்பு நிறத்தில், வால் தொடங்கும் இடத்தில் வெண்மையுடன் இருப்பதால், பயின்ற கண்களுக்கும் அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. இவற்றோடு மஞ்சள் வாலாட்டிகளும், கூட்டமாக வந்து தானியத்தையும் பூச்சிகளையும் உண்ணும் சோளக்குருவிகளும் இதே நிலங்களில் மேய்கின்றன.

பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை. பொழுது சாய்ந்ததும் உயர்ந்த புல் மண்டிய இடங்களில் ஒன்றுகூடித் தரையிலேயே உறங்குகின்றன. ஆகவே, தரிசு என்று ஒதுக்கப்படும் புல்வெளியை உழுதாலோ மரம் நட்டு மூடினாலோ இவற்றின் உறைவிடம் அழிகிறது. பூச்சிக்கொல்லியால் வெட்டுக்கிளிகள் குறைந்தால் இரையும் குறைகிறது. வெளிறிய பூனைப்பருந்து உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால், இவ்வெளிகளைக் காப்பது மிகவும் இன்றியமையாதது.

காலையிலும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும், நில உரிமையாளரின் இசைவு பெற்று, பயிரை மிதிக்காமல் வரப்பிலேயே நின்று இருநோக்கி வழியாகப் பார்ப்பது நன்று; உறங்குமிடத்தை நெருங்குவது தகாது. தைத் திருநாளையொட்டி நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இக்காட்சிகளைப் பதிவுசெய்தால், எந்தக் கரிசல் காட்டில் எந்தப் பறவை வாழ்கிறது என்பதற்குச் சான்று சேரும். அத்தகைய சான்றுகளே, தரிசு நிலமும் உயிர்கள் வாழும் நிலமே என்பதை ஊராரும் அரசும் ஏற்கச் செய்யும்.