பழைய அட்டையைத் தீயில் இடாதீர்

காலாவதியான பற்று அட்டை பிறர் கையில் சிக்கலாகாது என்று அதைக் குப்பையோடு எரித்துவிடுவோர் உண்டு. நாங்கள் வழங்கும் அட்டைகள் பெரும்பாலும் பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனவை. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, ஈரம் பட்டதும் அமிலமாகிக் கண், தொண்டை, தோல் ஆகியவற்றை உறுத்துகிறது. மேல்தோலின் காப்பை இழந்த ஆறாத புண்ணுக்கு இவ்வுறுத்தல் நல்லதன்று.

அப்புகையில் டையாக்சின் என்னும் நச்சும் உண்டாகிறது. 1976 ஜூலையில் இத்தாலியின் செவேசோ அருகே ஓர் இரசாயன ஆலையிலிருந்து அது பரவியபோது, குழந்தைகள் பலரின் தோலில் எளிதில் ஆறாத பருக்கள் தோன்றின. குப்பைப் புகையில் அதன் அளவு மிகக் குறைவே. ஆயினும் உடற்கொழுப்பில் தங்கும் டையாக்சின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். சிறுசேமிப்பைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்வதே இதன் இடர்.

ஆகவே, பழைய அட்டையின் சிப்பும் காந்தப் பட்டையும் துண்டுபடுமாறு கத்தரித்து, உலர்கழிவோடு தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்குமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். கணக்கிற்கும் காப்பு, உடலுக்கும் நலம்.