ஒலிப்பதிவும் கலைஞரின் உரிமையும்

ஒலியைப் பிடித்து வைத்தல் ஒரு காலத்தில் பெருமுதல் வேண்டிய தொழிலாக இருந்தது. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, அகன்ற புனலொன்றின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு வரைந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷ இசையே அடங்கிற்று. 1925-ஐ ஒட்டி மைக்ரோபோனும் மின்பெருக்கியும் வந்து இந்த நிர்ப்பந்தத்தை நீக்கின; எனினும் சாதனங்கள் பெரிய நிறுவனங்களிடமே இருந்தன. ஐதராபாத்தில் நிஜாம் அரசாங்கத்தின் தக்காண வானொலி, 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. அந்நாளில் தம் இசை ஊரெங்கும் கேட்கவேண்டுமென விரும்பிய கலைஞர், இத்தகைய நிலையங்களின் வாயிலை நாடவேண்டியவராயிருந்தார்.

இன்று அந்நகரத்தின் ஒரு சிற்றறையில், கம்ப்யூட்டரும் ஒரு மைக்ரோபோனும் கொண்டு, விற்பனைக்கு உகந்த பதிவு செய்துவிடலாம். ஒலியலையின் உயரம் ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. மனிதச் செவிக்கு எட்டும் மிகவுயர்ந்த அதிர்வு வினாடிக்கு 20,000 அளவேயாம். அதன் இருமடங்கிற்கு மேல் அளந்தால், செவிக்கெட்டும் அலை முழுவதும் எண்களிலிருந்து மீண்டுவிடும். விலையுயர்ந்த மைக்ரோபோனைக் காட்டிலும் அது வைக்கப்படும் இடமே முக்கியம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகக் குறையும். அறையிலோ, சுவர்களில் பட்டு மீளும் எதிரொலி அவ்வாறு குறைவதில்லை. ஆகையால் தந்தி வாத்தியத்தை இரண்டொரு சாண் தொலைவில் பதிவு செய்வதும், மின்விசிறியை நிறுத்திச் சுவரில் கனத்த கம்பளம் தொங்கவிடுவதும் நன்மை தரும்.

கருவி எளிதாயிற்று, பிழைப்பு எளிதாகவில்லை. தெலுங்கானாவின் நாகர்கர்னூல் மாவட்டத்தைச் சேர்ந்த தர்ஷனம் மொகிலய்யா, பன்னிரண்டு மெட்டுகளையுடைய கின்னெரா என்னும் அரிய வாத்தியத்தை வாசிப்பவர். 2021-இல் வெளியான 'பீம்லா நாயக்' தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் அவர் குரல் ஒலித்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 2024 மே மாதத்திலோ, ஐதராபாத்தை அடுத்த துர்க்கயம்ஜாலில் அவர் கட்டடக் கூலியாக உழைப்பதாகப் பத்திரிகைகள் தெரிவித்தன. பாடல் எத்தனை செவிகளை எட்டினும், அதனாலேயே பாடியவரின் வீட்டில் அடுப்பெரியும் என்பதில்லை.

ஒரு பதிவில் உரிமைகள் பல அடங்கியுள்ளன. பாட்டை இயற்றியவர், மெட்டமைத்தவர், பாடியோ வாசித்தோ நிகழ்த்தியவர், பதிவை உண்டாக்கியவர் ஆகியோரின் உரிமைகள் தனித்தனியானவை. நாட்டுப் பாடலின் ஆசிரியர் பெரும்பாலும் அறியப்படாதவர். ஆதலால் கிராமக் கலைஞருக்கு எஞ்சி நிற்பது நிகழ்த்துவோர் உரிமையே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இவ்வுரிமை 1994-இன் திருத்தத்தால் விரிவாக வகுக்கப்பட்டது. இதன் காலம் 50 ஆண்டுகள். (பாம்பாட்டியையும் வித்தைக்காரரையுங்கூடச் சட்டம் நிகழ்த்துவோர் வரிசையில் சேர்த்திருக்கிறது.) நிகழ்ச்சி வாணிபத்துக்குப் பயன்படுமாயின் நிகழ்த்தியவருக்கு உரிமைத்தொகை உண்டு என்று 2012-இன் திருத்தம் கூறுகிறது. சட்டம் அறியாதவரோ, கையில் கிடைத்த முதல் தொகையோடு விஷயம் முடிந்ததென்று எண்ணிவிடுகிறார்.

இங்கே களப்பணியாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பதிவு செய்ய முன்வந்து அதன் பொறுப்பை ஏற்றவரே சட்டத்தின் கண் பதிவை உண்டாக்கியவர். கிராமத்தில் முதியவரின் பாட்டைக் கைபேசியில் பிடிக்கும் அலுவலர், தம்மை அறியாமலே அவரையோ அவருடைய துறையையோ உரிமையாளராக்கிவிடக்கூடும். மெய்யான போதனைக்கோ ஆராய்ச்சிக்கோ மட்டும் பதிவு செய்யும் ஆசிரியருக்குச் சட்டம் இடமளிக்கிறது. அதே பதிவைப் பிற்பாடு பொதுவில் வெளியிடுவது வேறு காரியம், அதற்குப் பாடியவரின் சம்மதம் வேண்டும்.

சம்மதம் எழுத்தில் இருப்பது நலம். பாடலின் பெயர், பாடியவர், நாள், இடம், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு என்பவை அதில் விளங்க வேண்டும். எழுதியதைப் பாடகரின் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். பதிப்புரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிடில், சட்டம் அதை ஐந்தாண்டாகக் கொள்ளும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டுமே. பதிவின் சுருக்கப்படாத மூலக்கோப்பின் ஒரு பிரதியும் பத்திரத்தின் ஒரு பிரதியும் பாடியவரிடமே இருத்தல் வேண்டும்.