பாதி வழியிற் சந்திக்கும் கடற்கரைகள்

ஊருக்குப் போக முடியாதவர்கள் ஊரிலிருந்து வருபவர்களை எங்கே சந்திப்பது? எம்மிற் பலரது வீடுகளில் இக்கேள்வி எழுந்தவண்ணம் உள்ளது. அகதிகளுக்கென வழங்கப்படும் பயண ஆவணம் வழமையாகத் தாய்நாட்டிற்குச் செல்ல உதவாது. முதுமையெய்திய உறவினருக்கு ஐரோப்பிய விசா கிடைப்பதும் எளிதன்று. ஆதலால், இரு தரப்பினரும் பாதி வழியில், வளைகுடா நாடொன்றிற் கூடுவதென முடிவு செய்கின்றனர். நாமும் சென்ற தை மாதம் எமது அக்காவை டுபாயிற் சந்தித்தோம்.

ஹோட்டல் அறையினுள் எத்தனை நாட்கள்தான் கதைத்துக்கொண்டிருப்பது? கடற்கரைக்குப் போனோம். டுபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் இடையே அமைந்துள்ள மம்சார் கடனீரேரியில் அலை மிகக் குறைவு. முதியவர்களும் சிறுவர்களும் அஞ்சாது இறங்கலாம். முழங்காலளவு நீரில் நின்ற அக்கா, "காரைநகர்க் கசூரினாக் கடல் மாதிரித்தான் கிடக்குது, ஆனால் உப்புக் கூட" என்றார். அவர் கூறியது சரியே. பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் ஏறக்குறைய 35 மீற்றர் மட்டுமே. ஒடுங்கிய ஹோர்முஸ் நீரிணை ஒன்றே அதற்கு வாயில். வெயிலில் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆற்று நீர் வந்து சேராமையால் உப்பு மிகுந்துவிடுகின்றது. கோடையில் அந்நீர் வெந்நீர் போலாகிவிடும். கார்த்திகை தொடக்கம் பங்குனி வரையான காலமே உகந்தது.

பகல் வெயில் ஒவ்வாதவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜுமெய்ரா 2, ஜுமெய்ரா 3, உம் சுகைம் 1 ஆகிய மூன்று பொதுக் கடற்கரைகள் 2023இல் இரவு நீராடலுக்கென மின்னொளியுடன் திறக்கப்பட்டன. 2022 தை முதல் அரச அலுவலகங்களின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியுள்ளதால் அந்நாட்களில் நெரிசலைத் தவிர்ப்பது நன்று.

ஆயினும், எமது மனதைக் கவர்ந்தது கிழக்குக் கரையே. ஹஜர் மலைகளைத் துளைத்துச் செல்லும் நெடுஞ்சாலை 2019இல் திறக்கப்பட்ட பின், ஷார்ஜாவிலிருந்து கோர்பக்கானை அடைவது இலகுவாகிவிட்டது. மலை முடிந்ததும் கடல். அது வளைகுடாவின் ஆழமற்ற நீரன்று. ஓமான் குடா, அதாவது எமது முல்லைத்தீவுக் கரையைத் தொடும் அதே இந்து சமுத்திரத்தின் ஒரு கை. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1507இல் இத்துறைமுகத்தைத் தாக்கினர் என்று அக்காவுக்குச் சொல்லத் தொடங்கினோம். "உன்ர வகுப்பு இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டார். இருப்பினும் ஒன்றைக் கூறாதிருக்க முடியவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னர், மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடைபெற்ற வேளைகளில், இவ்வளைகுடாவின் அராபியர்கள் அங்கு வந்து எம்மவரோடு கடலில் மூழ்கினர். அன்று அவர்கள் பிழைப்புத் தேடி எமது கரைக்கு வந்தனர்.

ஓமானுக்குச் செல்லக்கூடியவர்கள் சூர் நகருக்கு அப்பாலுள்ள ராஸ் அல் ஜின்ஸ் சரணாலயத்தைப் பார்க்கலாம். 1996இல் அமைக்கப்பட்ட அவ்விடத்தில் பச்சை ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. சலாலாவில் ஆனி முதல் ஆவணி வரை தூறல் மழை. தென்னையும் வாழையும் ஊரை நினைவூட்டும். ஆனால் அக்காலத்துக் கடல் கொடியது. 2022 ஆடியில், முக்சைல் கடற்கரையிற் பாதுகாப்பு வேலியைத் தாண்டிச் சென்ற குடும்பமொன்றை அலை வாரிச் சென்றது. பிள்ளைகளும் அதில் மாண்டனர். படமெடுக்கும் ஆசையில் வேலியைத் தாண்டாதீர்கள்.

இனி, நாம் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். அக்கா உண்மையிற் பார்க்க வந்தது எமது தம்பியை. 2009இன் பின் இங்கு வந்து அகதி நிலை பெற்றவன் அவன். எமது கடவுச்சீட்டுக்கு இலகுவில் அனுமதி கிடைத்ததால், அவனது பயண ஆவணத்துக்கும் அவ்வாறே கிடைக்குமென முகவர் ஒருவர் கூறியதை நம்பிவிட்டோம். விமானநிலையத்தில் அவனை ஏற்ற மறுத்துவிட்டனர். ஐக்கிய அரபு இராச்சியம், ஓமான், கட்டார், குவைத், பஹ்ரெயின், சவூதி ஆகிய ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இணையாதவை. அவ்வுடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் ஆவணத்தை ஏற்கும் கடப்பாடு அவற்றுக்கு இல்லை. எனவே, செல்லவிருக்கும் நாட்டின் தூதரகத்திடமும் விமான நிறுவனத்திடமும் எழுத்தில் பதில் பெற்ற பின்னரே பணத்தைக் கட்டுங்கள். கொழும்பினூடாகச் செல்லும் மலிவான சீட்டை மறந்தும் வாங்காதீர்கள்.

அக்கா பத்து நாட்களும் தம்பியைத் தொலைபேசியிற் பார்த்தே அழுதார். அவனுக்கெனக் கொண்டுவந்த புழுக்கொடியற் பொதியை நாமே இங்கு கொண்டுவந்து சேர்த்தோம். வருகின்ற தையில் மீண்டும் முயல்வதாக உள்ளோம். விண்ணப்பத்தை இப்போதே கொடுத்தாயிற்று. விமானச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.