படிகம் தந்தவருக்கும் பெயர் உண்டு

கிராஃபீன் இயற்பியலில் 2010க்குப் பிறகு வந்த முக்கியமான கட்டுரைகளைப் புரட்டினால் நாடு மாறும், பல்கலைக்கழகம் மாறும், தலைமை ஆய்வாளர் மாறுவார். ஆனால் கெஞ்சி வாத்தனாபே, தகாஷி தனிகுச்சி என்ற இரு பெயர்கள் மட்டும் ஆசிரியர் வரிசையில் திரும்பத் திரும்ப வரும். ஜப்பானின் சுகுபா நகரில் உள்ள தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இவர்கள் பெயரில் உள்ள கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டும். ஆண்டுக்கு 72 கட்டுரைகளுக்கு மேல் எழுதுபவர்களை ‘மிகை எழுத்தாளர்கள்’ என்று வகைப்படுத்தி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த அளவுகோலை இவர்கள் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். இத்தனை கட்டுரைகளை ஒருவரால் எழுத முடியுமா என்று கேட்டால், முடியாதுதான். அவர்கள் கொடுத்தது எழுத்தை அல்ல, ஒரு படிகத்தை.

அந்தப் படிகத்தின் பெயர் அறுகோண போரான் நைட்ரைடு. கிராஃபீன் ஒரே ஓர் அணு கனமுள்ள கரித்தாள் என்பதால் அதற்கு உள்பகுதி என்று ஒன்று கிடையாது, முழுக்கவே மேற்பரப்புதான். சிலிக்கன் டையாக்சைடின் மேல் வைத்தால், கீழே உள்ள மேடுபள்ளமும் அங்கே சிக்கியிருக்கும் மின்னூட்டங்களும் எலெக்ட்ரான்களின் ஓட்டத்தைக் கலைத்துவிடும். போரான் நைட்ரைடு அப்படியல்ல. அணு அளவில் சமதளமானது, மின்சாரம் கடத்தாதது, கிராஃபீனைப் போலவே தேன்கூட்டு அமைப்புக் கொண்டது. அணுக்களின் இடைவெளியில் வேறுபாடு இரண்டு சதவீதம்கூட இல்லை. 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு கிராஃபீனை இதன்மேல் வைத்துப் பார்த்தபோது, எலெக்ட்ரான்களின் இயங்குதிறன் ஏறக்குறைய பத்து மடங்கு உயர்ந்தது. 2018இல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ-எரேரோவின் குழு, இரண்டு கிராஃபீன் தாள்களைச் சுமார் 1.1 டிகிரி முறுக்கி அடுக்கி மீகடத்தலைக் கண்டதே, அந்தக் கட்டுரையிலும் இந்த இருவர் பெயரும் இருக்கிறது.

படிகம் தந்தவரை ஆசிரியராகச் சேர்ப்பதை மறுப்பவர்களின் வாதம் எளிமையானது. பொருளை அனுப்பியவர் எப்படி ஆசிரியர் ஆவார்? கேள்வியை எழுப்பியவரும் அளந்தவரும் விளக்கியவரும் வேறு ஆட்கள். நன்றியுரையில் ஒரு வரி போதாதா? அப்படியானால் நுண்ணோக்கி விற்ற நிறுவனத்தையும் சேர்க்க வேண்டாமா? நியாயமான கேள்விதான். ஆனால் நுண்ணோக்கி விலைப்பட்டியலில் கிடைக்கும். இந்தத் தரத்தில் படிகம் அப்படிக் கிடைக்கவில்லை. பல்லாயிரம் வளிமண்டல அழுத்தத்திலும் 1500 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும் கலப்பில்லாத படிகத்தை வளர்ப்பதே அவர்களின் ஆராய்ச்சி. 2004இல், கிராஃபீன் பிரித்தெடுக்கப்பட்ட அதே ஆண்டில், அந்தப் படிகம் புறஊதா ஒளி உமிழ்வதைப் பற்றி அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். கிராஃபீனுக்காக அவர்கள் அதைத் தொடங்கவே இல்லை. படிகம் மாசுபட்டால் மேலே எடுக்கும் அளவீடு எதுவும் நிற்காது. முடிவுக்குத் தன் கைத்திறனால் பொறுப்பேற்பவர் ஆசிரியர்தான். எவரும் கடையில் வாங்கும் நிலை என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கு அவர்கள் நன்றியுரைக்கு நகரட்டும்.

கோளாறு ஆசிரியர் வரிசையில் இல்லை, அதை எண்ணும் முறையில் இருக்கிறது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச்-இன்டெக்ஸ், ஒருவரின் எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று பார்க்கும். படிகம் வளர்த்தவரையும் கோட்பாடு வகுத்தவரையும் அது ஒரே தராசில் நிறுத்துகிறது. வாத்தனாபேயின் எண் நோபல் பெற்ற பலரின் எண்ணைவிடப் பெரியது என்றால் அவர்களைவிட ஆழமாகச் சிந்தித்தார் என்று பொருளில்லை. அவர் பொருள் இல்லாமல் பல கூடங்களில் வேலை நடக்கவில்லை என்றே பொருள். மறுபக்கம் பி.ஆர். வாலஸ் இருக்கிறார். அணு உலைக்குத் தேவைப்பட்ட கிராஃபைட்டைப் புரிந்துகொள்ள, அதன் ஒற்றை அடுக்கின் எலெக்ட்ரான் அமைப்பை 1947இலேயே கணக்கிட்டவர் அவர். 2004க்குப் பிறகுதான் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இடையில் கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, உலகத்தின் தேவைதான் மாறியது. மேற்கோள் எண் பயன்பாட்டின் கணக்கு. அந்த அளவில் அது பொய் சொல்வதில்லை. அதை அறிவின் மதிப்பெண்ணாகப் படிப்பவர்கள்தான் தவறுகிறார்கள்.

இப்போது பல ஆய்விதழ்களில் யார் என்ன செய்தார் என்று கட்டுரையின் இறுதியில் குறிப்பு வருகிறது. போரான் நைட்ரைடு படிகத்தை வளர்த்தவர்கள் இன்னார் என்று அதிலேயே அச்சாகிறது. வேலைக்கும் நிதிக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள், எண்ணைக் கூட்டுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் படிக்க வேண்டும்.