கணக்குக் காட்டும் எழுத்து

நுழையும்முன்

ஐயம் ஒன்று எழுந்தால் இணையத்தில் தேடுவது இன்றைய மாணவரின் இயல்பு. தேடல் முடிவுகளின் முன்வரிசையில் பெரும்பாலும் விக்கிப்பீடியாக் கட்டுரை இடம்பெறுகிறது. அதனைப் படிப்பவர் பலர். அதில் தாமும் எழுத முடியும் என்பதை அறிந்தவர் சிலர். எழுத முன்வரும் ஒருவருக்குக் கணினி நுட்பம் சில நாள்களில் கைவந்துவிடும். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் பொறுப்பேற்கும் முறையே பயின்று பெறத்தக்கது. அம்முறையை இப்பாடம் விளக்குகிறது.

அச்சிலிருந்து இணையத்திற்கு

தமிழில் கலைக்களஞ்சியப் பணி நூற்றாண்டு கடந்த வரலாறு உடையது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை தொகுத்த ‘அபிதான கோசம்’ 1902ஆம் ஆண்டிலும், ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவை தனிமனிதர்களின் நெடுநாள் உழைப்பால் உருவானவை. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் ‘கலைக்களஞ்சியம்’ வெளியிட்டது. துறைதோறும் வல்லுநர்கள் கட்டுரை வழங்கினர். ஆசிரியர் குழு அவற்றைச் செப்பம் செய்தது.

இணையத்தின் வருகை இப்பணியின் வடிவத்தை மாற்றியது. 2001ஆம் ஆண்டு சனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகியோர் ஆங்கிலத்தில் விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது அதன் அடிப்படை. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தோன்றியது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் அதன் தொடக்கக் காலம் முதலே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி வளர்த்தார். அப்பணிக்காகக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டிற்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017ஆம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் ஒரு லட்சத்தைக் கடந்தன. ஊதியம் பெறாத தன்னார்வலர்களே இவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதினர் என்பது எண்ணத்தக்கது.

பெயரில்லா எழுத்தின் நம்பகம்

அச்சுக் கலைக்களஞ்சியத்தில் அறிஞரின் பெயரும் ஆசிரியர் குழுவின் மேற்பார்வையும் செய்திக்கு உறுதி தந்தன. விக்கிப்பீடியாக் கட்டுரையின் முகப்பில் எழுதியவர் பெயர் இல்லை. ஒரு பத்தியைப் பலர் சேர்ந்து எழுதியிருக்கலாம்; அவர்களுள் பேராசிரியரும் இருக்கலாம், பள்ளி மாணவரும் இருக்கலாம். அவ்வாறாயின் படிப்பவர் எதனை நம்புவது?

இவ்வினாவின் கடுமையை உலகிற்கு உணர்த்திய நிகழ்வு 2005ஆம் ஆண்டு நடந்தது. ஜான் சீகன்தாலர் என்னும் அமெரிக்க இதழாளரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையில், அவர் கென்னடி உடன்பிறப்புகளின் கொலைகளில் தொடர்புடையவராகக் கருதப்பட்டவர் என்று எவரோ ஒருவர் பொய்யாக எழுதினார். சீகன்தாலர் உண்மையில் இராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர், அவருடைய நண்பர். சான்று ஏதுமின்றி எழுதப்பட்ட அவ்வரி ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீக்கப்படாமல் இருந்தது. பின்னர் அவரே நாளிதழில் எழுதி அக்கொடுமையை வெளிப்படுத்தினார். அதன் விளைவாகப் பதிவு செய்யாத பயனர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றி எழுதுவதற்குக் கடுமையான விதிகளும் உருவாயின.

எழுதியவரின் பெயர் தராத உறுதியை அவர் காட்டும் சான்று தர வேண்டும். இதனால் மூன்று கொள்கைகள் விக்கிப்பீடியாவின் அடித்தளமாக அமைந்தன. எழுதப்படும் செய்தியைப் படிப்பவர் தாமே சரிபார்க்க இயல வேண்டும் என்பது மெய்யறிதன்மை. மாறுபட்ட கருத்துகளை அவற்றிற்குரிய அளவில் ஒருபுறம் சாயாமல் தருவது நடுநிலை நோக்கு. எங்கும் வெளிவராத தம் சொந்த முடிவைக் கட்டுரையில் புகுத்தாமை மூன்றாவது கொள்கை.

இக்கொள்கைகள் தமிழ் மரபிற்குப் புதியவை அல்ல. தொல்காப்பியர் இலக்கணம் கூறுமிடத்தில் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ முதலிய சொற்களால் முன்னோர் கருத்து என்பதைச் சுட்டிச் செல்கிறார். உரையாசிரியர்கள் தம் விளக்கத்திற்கு மேற்கோள் காட்டினர். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தது இலக்கண மரபு. அம்மரபில் வைத்துப் பார்த்தால் கலைக்களஞ்சியக் கட்டுரை முதல்நூல் ஆகாது. முன்னுள்ள நூல்களின் வழி நடப்பது அது.

மணல்தொட்டியில் முதல் பயிற்சி

புதிய பயனர் முதலில் தமக்கென ஒரு கணக்கைத் தொடங்குவது நல்லது. அதன்பின் அவருக்கு ‘மணல்தொட்டி’ என்னும் பயிற்சிப் பக்கம் கிடைக்கும். மணலில் எழுதி அழித்துப் பழகும் குழந்தையைப் போல், அங்கு எழுதியும் திருத்தியும் பார்க்கலாம். எழுத எண்ணும் பொருளைப் பற்றிக் கட்டுரை ஏற்கெனவே உள்ளதா என்று தேடிப் பார்த்தலும் தேவை. இருக்குமாயின் புதிதாகத் தொடங்குவதைவிட இருப்பதை வளப்படுத்துவதே சிறந்தது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘பேச்சுப் பக்கம்’ ஒன்று உண்டு. கருத்து வேறுபாடுகள் அங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன. பொதுவான செய்திகளைப் பயனர்கள் கூடிப் பேசும் பக்கத்திற்குத் தமிழ் விக்கிப்பீடியர் இட்ட பெயர் ‘ஆலமரத்தடி’. கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது முழுவதும் பதிவாகியிருக்கும். ஆதலால் தவறு நேர்ந்துவிடுமோ என்று புதியவர் அஞ்ச வேண்டியதில்லை. எந்த மாற்றத்தையும் முன்னைய நிலைக்குக் கொண்டுவர இயலும்.

உத்திரமேரூர்: ஓர் எடுத்துக்காட்டு

உத்திரமேரூரைப் பற்றிய கட்டுரையில் குடவோலை முறை குறித்து ஒரு பத்தி சேர்க்க மாணவி ஒருவர் விரும்புகிறார் எனக் கொள்ளலாம். ஊர்ப்பற்றும் மொழிப்பற்றும் மேலிட, அவர் மணல்தொட்டியில் இவ்வாறு எழுதுகிறார்: “உலகிற்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்த ஒப்பற்ற ஊர் உத்திரமேரூர். அங்கு மக்கள் அனைவரும் வாக்களித்துத் தம் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர்.”

பட்டறிவுடைய பயனர் ஒருவர் பேச்சுப் பக்கத்தில் அவரிடம் இரண்டு வினாக்களை எழுப்புகிறார். ‘ஒப்பற்ற’ என்பது செய்தியா, பாராட்டா? ‘மக்கள் அனைவரும்’ என்பதற்குச் சான்று எங்கே உள்ளது?

மாணவி நூலகத்தை நாடுகிறார். அக்கல்வெட்டுகளைப் பற்றி வி. வெங்கையா எழுதிய கட்டுரை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் இருக்கிறது. கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் சோழர் வரலாற்றையும் ஆட்சிமுறையையும் ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலும் கிடைக்கிறது. அவற்றைப் படிக்கையில் அவர் எதிர்பாராத செய்திகள் தெரியவருகின்றன.

அக்கல்வெட்டுகள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவிலில் உள்ளன. அவை முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஓலையை எடுத்தான். ஆகவே அது வாக்குகளை எண்ணும் முறையன்று, திருவுளச்சீட்டைப் போன்றது. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவரே தகுதி பெற்றனர். அது அந்தணர்களின் மகாசபை. ஊரில் வாழ்ந்த எல்லாருக்கும் அதில் இடமில்லை.

மற்றொரு சிக்கலும் எழுகிறது. ஓரிடத்தில் உறுப்பினரின் வயது முப்பதிலிருந்து அறுபது என்றும், வேறோரிடத்தில் முப்பத்தைந்திலிருந்து எழுபது என்றும் காணப்படுகிறது. எது பிழை? மூலச் செய்தியை நுணுகி நோக்கியபோது இரண்டும் சரி என்பது விளங்குகிறது. முன்னது முதற்கல்வெட்டின் விதி. பின்னது இரண்டாண்டுகளுக்குப் பின் சபையே திருத்தி அமைத்த விதி. சான்றுகள் முரண்படுவதுபோல் தோன்றும் இடத்தில் ஒன்றை விலக்கிவிடாமல் காரணம் தேடியதால், சபை தன் விதிகளைத் தானே திருத்திக்கொண்டது என்ற அரிய செய்தி கிடைத்தது.

தாம் பெருமையாகக் கருதியது குறைந்துவிட்டதே என்று மாணவிக்கு முதலில் வருத்தம் ஏற்படலாம். ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தகுதி, தகுதியின்மை, தேர்வு முறை ஆகியவற்றை எழுத்தில் வரையறுத்த ஓர் ஊர்ச்சபையின் வரலாறு மிகைச்சொல் இன்றியே சிறந்து நிற்கும். மிகைபடக் கூறலை நன்னூல் குற்றமாக எண்ணியதன் பொருத்தம் இங்கே புலனாகிறது. மாணவியின் புதிய பத்தி இவ்வாறு தொடங்குகிறது: “உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவிலிலுள்ள முதலாம் பராந்தகனின் இரு கல்வெட்டுகள், மகாசபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் விதிகளைக் கூறுகின்றன.”

சான்றின் உறுப்புகள்

சான்று காட்டுவதன் நோக்கம், எழுதியவர் சென்ற வழியில் படிப்பவரும் சென்று காண உதவுதல். எனவே, ‘வரலாற்று நூல்களில் காண்க’ என்று பொதுப்படக் கூறுதல் பயன்தராது. நூலாயின் ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பகம், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவை வேண்டும். இதழாயின் கட்டுரைத் தலைப்பும் வெளிவந்த நாளும் சேரும். இணையப் பக்கமாயின் அதன் முகவரியோடு பார்த்த நாளையும் குறிக்க வேண்டும். இணையப் பக்கங்கள் மறையக்கூடியவை. ஆதலால் இணைய ஆவணக் காப்பகத்தில் சேமிக்கப்பட்ட படியின் முகவரியையும் தருதல் நலம்.

சான்று எண்ணைப் பத்தியின் இறுதியில் பொதுவாக இடுவதைவிட, எந்தச் செய்திக்கு உரியதோ அச்செய்தியை அடுத்தே இடுதல் சிறந்தது. தொகுக்கும் பக்கத்திலுள்ள மேற்கோள் கருவி, நிரப்ப வேண்டிய கட்டங்களை வரிசையாகக் காட்டும். அவற்றை நிரப்பினால் எண் தானாக அமையும். முழு விவரம் கட்டுரையின் அடியில் தோன்றும். தாம் நேரில் பார்க்காத நூலைச் சான்றாகக் காட்டுதல் கூடாது. ஒரு நூல் மற்றொரு நூலைச் சுட்டுமாயின், கையில் உள்ள நூலையே குறிப்பிடுதல் நேர்மை.

எல்லாச் சான்றுகளும் ஒரே மதிப்புடையன அல்ல. கல்வெட்டு முதன்மைச் சான்று. அதனை ஆராய்ந்த அறிஞரின் நூல் இரண்டாம் நிலைச் சான்று. விளக்கமும் மதிப்பீடும் தேவைப்படும் இடங்களில் விக்கிப்பீடியா இரண்டாம் நிலைச் சான்றையே பெரிதும் நாடுகிறது. கைப்பேசியில் பகிரப்படும் பெயரற்ற செய்திகள் சான்றாகா. நூலின் சொற்களை அப்படியே படியெடுத்தலும் கூடாது. செய்தியைப் பெற்று, சொந்தத் தொடரில் எழுதுதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

சான்றற்ற செய்தி ஒன்று விக்கிப்பீடியாவில் இடம்பெறுகிறது. அதனை நம்பி ஓர் இதழாளர் தம் கட்டுரையில் எடுத்தாள்கிறார். பின்னர் வேறொரு பயனர் அவ்விதழையே சான்றாக விக்கிப்பீடியாவில் இணைக்கிறார். இப்போது பொய்க்கும் சான்று கிடைத்துவிடுகிறது. இவ்வாறு செய்தி தன்னைத்தானே சுற்றி வருவது ‘சுழற்சான்று’ ஆகும். விக்கிப்பீடியாக் கட்டுரையை விக்கிப்பீடியாவிற்கே சான்றாகக் காட்டக் கூடாது என்ற விதியின் காரணம் இதுவே.

திருத்தமும் பொறுமையும்

புதியவர் எழுதிய பகுதி சிலவேளை நீக்கப்படலாம். சில தொடர்களின் அருகே ‘சான்று தேவை’ என்னும் குறிப்பு இடப்படலாம். அதனை அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை. படிப்பவர் கேட்கவிருக்கும் வினாவை உடன் எழுதுபவர் முன்னதாகவே கேட்கிறார் என்று கொள்ள வேண்டும். மூத்த பயனர்களுக்கும் கடமை உண்டு. காரணம் கூறாமல் நீக்கினால் புதியவர் திரும்பி வரமாட்டார். எதிரிலிருப்பவர் நல்லெண்ணத்துடன் எழுதுகிறார் என்று நம்பி, பிழையை விளக்கி, வழிகாட்டும் சமூகமே வளரும்.

மாணவர்கள் ஆற்றக்கூடிய பணி மிகுதி. தம் ஊரின் ஏரி, கோவில், நூலகம், கைத்தொழில் ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் மாவட்ட விவரச்சுவடிகளிலும் கல்வெட்டுத் தொகுதிகளிலும் பழைய இதழ்களிலும் புதைந்துள்ளன. அவற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்து, உரிய சான்றோடு ஒரு தொடர் எழுதினாலும் அது தமிழுக்குச் செய்யும் தொண்டாகும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் மற்றுமொரு விதி உண்டு. முன்னர் வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் குடத்தில் இடப்படா. ஊர்ப்பொதுவைக் கையாண்டவர் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அச்சபையின் நெறி. இணையத்தில் திரளும் அறிவும் ஊர்ப்பொதுவே. அதில் ஒரு வரி எழுதுபவர் காட்ட வேண்டிய கணக்கே சான்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையைப் படித்து, சான்று இல்லாத தொடர்களைப் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றிற்குப் பள்ளி நூலகத்தில் சான்று தேடி, நூல் விவரத்தை முழுமையாக எழுதுக.

2. ‘உலகப் புகழ்பெற்ற’, ‘ஈடு இணையற்ற’ போன்ற மிகைச்சொற்கள் அமைந்த ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, அதனை நடுநிலை நோக்கில் மாற்றி எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.