சாமி எத்தனை அடி?

தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீலகிரியில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. குன்றுதோறும் ஒரு தெய்வம் குடியிருப்பதாக நம்பிய தோடர்கள், தங்கள் தலைமைத் தெய்வத்தை அங்கேதான் ஏற்றி வைத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். வைக்கவில்லை. அந்தத் தலைமைத் தெய்வமான தேக்கிர்சியின் இடம் ஊட்டியை ஒட்டிய முத்தநாட்டு மந்து என்ற தோடர் ஊரைச் சேர்ந்தது.

டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இந்த மலையில் தங்கி விசாரித்து, 1906இல் தோடர்களைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். அதன்படி தேக்கிர்சி ஆள்வது உயிரோடு இருப்பவர்களை. அவளுடன் பிறந்த ஓன் ஆள்வது மேற்கே இருக்கும் செத்தவர்களின் உலகை. இருவரில் யாருக்குச் சக்தி அதிகம் என்ற பேச்சுக்கே அங்கே இடம் குறைவு. அவரவர் எல்லை அவரவருக்கு.

அதற்காக ஒப்பிடும் ஆசையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓன் இரும்புக் கம்பியின் ஒரு முனையில் நின்று பூமிக்குள்ளிருந்து 1,600 எருமைகளை வரவழைத்தான். மறுமுனையில் நின்ற அவன் மனைவி 1,800 வரவழைத்தாள். எண்ணிக்கையில் ஜெயித்தவள் அவள்தான். ஆனால் அவனுடையவை புனித எருமைகள் ஆயின, அவளுடையவை சாதாரண எருமைகள். (கதை சொன்னவர் ஆண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.)

இன்னொரு கதை நேரான பலப்பரீட்சை. குவோட்டோ என்பவனைத் தங்களுக்குச் சமமாக ஏற்க மற்ற தெய்வங்களுக்கு மனமில்லை. சூரியனைக் கட்டு பார்ப்போம் என்றன. அவனும் சங்கிலி போட்டு இழுத்துக் கீழே கட்டிவிட்டான். இந்த உலகமும் இருண்டது, ஓனின் உலகமும் இருண்டது. அவிழ்த்து விடப்பா என்று கெஞ்சி, நீ எங்களுக்கு மேலானவன்தான் என்று ஒப்புக்கொண்டன. போட்டி வைத்தவர்களே போட்டியை முடித்துவைக்கச் சொல்லி மன்றாடும் கதை வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

கதையில் நடந்தது இருக்கட்டும். 1924இல் இதே மலையில் வாழும் இன்னொரு பழங்குடியான கோத்தர்களிடையே விட்டுவிட்டு வரும் கொள்ளைக் காய்ச்சல் புகுந்து பலரைக் கொண்டுபோனது. அப்போதுதான் காரமடை அரங்கனின் பெயரோடு ஒரு புதுத் தெய்வம் ஒருவர்மீது அருள்வந்து இறங்கியது, கோயிலும் பெற்றது. 1930களின் இறுதியில் அவர்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பழைய சாமியால் முடியாததைப் புதிய சாமி செய்யுமா? அன்று கோத்தர் ஊரில் இது வெட்டிப் பேச்சு இல்லை; வீட்டுக்குள் பிள்ளை கொதித்துக் கிடந்தது. அப்புறம் பழைய சாமிகளான அய்யனோர், அம்மனோரை யாரும் துரத்தவும் இல்லை. அவர்களுக்கான விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இன்றைக்கு வருவோம். ஊட்டி எல்க்ஹில் முருகனுக்கு 40 அடிச் சிலை. மலேசியா பத்துமலையில் நிற்கும் 140 அடி முருகனின் சாயல். 2022இல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடியில் இன்னொரு முருகன் எழுந்தார். அடியில் அளந்தால் முருகன் முருகனிடமே தோற்கிறார்! பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பையன்களோ தோரின் சுத்தியல் பெரிதா, வேல் பெரிதா என்று கைபேசியை நீட்டி அடித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விளையாட்டு என்று தெரிந்தே விளையாடுகிறார்கள். சிலையின் உயரத்தைச் சாமியின் பெருமையாகப் பேசும் பெரியவர்களிடம்தான் எனக்கு வழக்கு. கோத்தர்களின் கேள்விக்கு விடை உண்டு, காய்ச்சல் நின்றதா இல்லையா என்று பார்க்கலாம். கூடுதலாக நிற்கும் அந்த 6 அடி யாருக்கு என்ன செய்தது என்று எதைக்கொண்டு பார்ப்பது?

ஊட்டி மாரியம்மன் கோயிலில் மாரியும் காளியும் ஒரே கருவறையில் அருகருகே இருக்கிறார்கள். தேர்த்திருவிழாவுக்கு ஒவ்வொரு சமூகத்தாரும் ஆளுக்கொரு நாள் உபயம் எடுத்து, அம்மனை வெவ்வேறு கோலத்தில் ஊர்வலம் கொண்டுவருகிறார்கள். யார் உபயத்துக்கு மேளம் அதிகம், யார் அலங்காரம் அழகு என்று மார்க்கெட்டில் வாக்குவாதம் வரலாம். மாரியா காளியா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.