வடசென்னைச் சாலைகளுக்கு ஒரே படம் வேண்டும்

ராயபுரத்தை அடுத்த துறைமுக வாயிலிலிருந்து பாரம் ஏற்றிய லாரி ஒன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தை நோக்கிப் புறப்படுகிறது. வழியில் அது பல எஜமானர்களின் எல்லையைக் கடக்கிறது. துறைமுகம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ராஜ்ய நெடுஞ்சாலை இலாகா, சென்னைக் கார்ப்பொரேஷன் என்று வெவ்வேறு ஸ்தாபனங்கள் இப்பகுதியின் சாலைகளை நிர்வகிக்கின்றன. அவரவர் சாலைக்கு அவரவர் படம். ஆனால் அச்சாலைகளில் நடமாடும் ஜனங்கள் ஒரே ஊரார் அல்லவா? அவர்களுக்கு ஒரே படம் வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

இக்குழப்பம் புதிதன்று. 2011-ம் வருஷம் சென்னைக் கார்ப்பொரேஷன் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபொழுது, திருவொற்றியூர், கத்திவாக்கம் நகரசபைகள் அதனுள் அடங்கின. ஆனால் திருவொற்றியூர் சென்னை ஜில்லாவில் சேர்ந்தது 2018-ல்தான். இடைப்பட்ட ஏழு வருஷமும் அங்குள்ள வீதிகள் குப்பை வண்டிக்குச் சென்னை, பட்டாவுக்குத் திருவள்ளூர் என்றிருந்தன. இந்நிலையில் படங்கள் ஒத்துப்போகாததில் வியப்பென்ன?

பரிகாரம் இல்லாமலில்லை. பல படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைக்கும் புவியியல் தகவல் முறைமை இன்று எவரும் கற்கக்கூடிய வித்தை. கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2004-ல் தோன்றிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுஜனப் படத்தை, மூலத்தைக் குறிப்பிட்டு, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் உபயோகிக்கலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது ஆதார அளவை. 1802-ல் பரங்கிமலையின் அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய சர்வேயின் வழிவந்த பழைய படங்கள், எவரெஸ்ட் 1830-ல் கணித்த பூமியின் வடிவத்தை ஆதாரமாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் கருவிகளோ 1984-ம் வருஷத்து உலகக் கணக்கைப் பின்பற்றுகின்றன. மாற்றிக் கணக்கிடாமல் இரண்டையும் சேர்த்தால் சாலைகள் நூறு மீட்டருக்கும் அதிகமாக விலகிப்போகும். திருவொற்றியூரின் கடலோரச் சாலை கடலில் இறங்கிவிட்டதுபோல் தோன்றவும் கூடும்.

இரண்டாவது, இரட்டிப்பு. ஒரு படத்தில் ‘டி. எச். ரோடு’ என்றும் மற்றொன்றில் ‘திருவொற்றியூர் நெடுஞ்சாலை’ என்றும் இருப்பது ஒரே சாலை என்பதை நாம் அறிவோம், யந்திரம் அறியாது. பெயரையும் வடிவத்தையும் ஒப்பிட்டு ஒன்றை நிறுத்தி மற்றதை நீக்க வேண்டும்.

மூன்றாவது, சந்திப்பு. இரு கோடுகளின் நுனிகள் மயிரிழை விலகியிருந்தாலும் வழி கேட்டவனுக்கு யந்திரம் ‘பாதை இல்லை’ என்றே விடை கூறும். மேம்பாலத்தின் மேற்செல்லும் சாலையும் கீழ்ச்செல்லும் சாலையும் படத்தில் குறுக்கிட்டாலும் அவற்றை இணைத்துவிடலாகாது. இவ்வளவும் முடிந்தபின் தெருவில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோடும் எவரிடமிருந்து, எந்நாளில் பெறப்பட்டது என்ற குறிப்பும் அவசியம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்போர் உண்டு. 2015-ம் வருஷத்து வெள்ளத்தில், நீரில் மூழ்கிய தெருக்களை ஜனங்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆதாரமாகக் கொண்ட படத்தில் குறித்துக் காட்டினார்கள். படத்தில் இல்லாத சந்தை யார் குறிக்க முடியும்? அங்கே படகு போகவேண்டுமென்று யாருக்குத் தெரியும்? நிற்க. 1996-ல் மத்திய சர்க்கார் ஒப்பிய கடற்கரைப் படத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகத்தின் பெரும்பகுதி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற மற்றொரு படத்தில் இல்லை என்பது 2017-ல் அம்பலமாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த ஊழியர்களாலன்றோ அது வெளிப்பட்டது?

அந்நியன் நம் நாட்டை அளந்தது ஆள்வதற்காக. நாம் அளப்பது வாழ்வதற்காக. படம் வரைவதற்கிருந்த பல தடைகளை மத்திய சர்க்கார் 2021-ல் தளர்த்திவிட்டது. இனி ஸ்தாபனங்கள் தங்கள் சாலைப் படங்களை ஒளிக்காமல் பொதுவில் வைக்க வேண்டும். நம் வாலிபர்கள் வார்டுக்கு இருவராவது இவ்வித்தையைக் கற்க வேண்டும். வெறுங்கையுடன் மனுக் கொடுப்பவனை அதிகாரி நாளை வரச்சொல்லலாம். பிழையற்ற படத்துடன் வருபவனுக்கு அன்றே பதில் சொல்லியாக வேண்டும்.